கோயில் வீதியில் கழன்ற பெருவிரல்

சல்லி ஊர்க் கடற்கரையில் லக்சாயினியைத் தெரியாத பிள்ளை கிடையாது. எந்தக் கோயிலில் திருவிழாவோ அங்கே அவளுடைய பலகைக் கடை நிற்கும். தலையில் மாட்டுகிற மின்னும் கொம்பு, மின்னுகிற மோதிரம், ஊதுகுழல் என்று எல்லாக் கடையிலும் இருக்கிற சாமான்தான். ஆனால் சனம் மொய்ப்பது அவளிடம். வெறுங்காற்றைக் கிள்ளுவாள், விரல் நுனியில் சிவப்பு வெளிச்சம் ஒன்று பூக்கும். அதை விழுங்கிவிட்டுக் காதுக்குள்ளிருந்து எடுப்பாள்.

யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. கொழும்பிலிருந்து வந்த சாமான் பெட்டிக்குள் உறைபோல மாட்டுகிற இரண்டு பிளாஸ்டிக் பெருவிரல்கள் கிடந்தன, உள்ளே பொட்டளவு பல்பும் பற்றரியும். போனில் வீடியோ பார்த்து மூன்று மாதம் குசினிக்குள் நின்று பழகினாள். கறி அடிப்பிடித்த நாட்கள் கொஞ்சமல்ல.

"பொம்பிளைக்கு உது என்னத்துக்கு?" என்று மாமியார் கேட்டா.

"வலை இழுக்கிற கைதானே மாமி, இதையும் செய்யும்."

அந்த விரலை அவள் புருசனுக்குக்கூடக் காட்டியதில்லை. காட்டினால் பிழைப்புப் போச்சு.

இந்த வருசம் சல்லி அம்மன் கோயில் திருவிழாவில்தான் வில்லங்கம் வந்தது. முதல் நாள் பின்னேரம் ஒரு கிழவி சிவப்பு வெளிச்சத்தைக் கண்டதும் "அம்மாளாச்சி!" என்று அவள் காலில் விழுந்துவிட்டா. "எழும்பணை ஆச்சி, இது வித்தை" என்றால் யார் கேட்கிறார்கள்? மறுநாள் கடையைப் பரப்பமுதல் தேங்காயும் வேப்பிலையுமாகச் சனம் வரிசையில் நின்றது. கோயில் தலைவர் கதிரவேல் அவள் உட்காரக் கதிரை ஒன்றைக் கொண்டுவந்து போட்டார்.

"பிள்ளை, நீர் ஒண்டும் கதைக்க வேண்டாம். இதில இருந்து வெளிச்சத்தைக் காட்டும். கோயிலுக்குச் சனம் சேருதெல்லே."

"ஏலாது ஐயா. நான் கொம்பு விக்க வந்தனான்."

"அப்ப கடையைச் சுருட்ட வேண்டி வரும்."

அந்த நேரம் வரிசையை விலக்கிக்கொண்டு ஒருத்தி வந்தாள். நிலாவெளித் தனுஷிகா. தோளில் ஒரு வயதுக் குழந்தை, உடம்பெல்லாம் சிவப்புப் பொட்டு.

"மூண்டு நாளா உடம்பு காயுது அக்கா. அம்மாள் போட்டிருக்கெண்டு வேப்பிலையில கிடத்தினனாங்கள். நீங்க ஒருக்கா வெளிச்சத்தை நெத்தியில வைச்சா இறங்கிடும்."

லக்சாயினி குழந்தையின் முகத்துக்கு நேரே வெளிச்சத்தை ஏற்றினாள். அதற்குக் கை நீட்டாத குழந்தையை அவள் அதுவரை கண்டதில்லை. இந்தக் குழந்தையின் கண் அசையவேயில்லை.

"உடன ஆசுபத்திரிக்குக் கொண்டு போ, தங்கச்சி."

"அம்மாள் கோவிப்பா அக்கா. நீங்களே வைச்சு விடுங்கோ."

வாயால் சொல்லி வேலையில்லை. அத்தனை சனத்துக்கும் நடுவே லக்சாயினி தன் பெருவிரலைப் பிடித்து இழுத்தாள். விரல் கழன்று வந்தது. யாரோ வீரிட்டார்கள். அதைத் தனுஷிகாவின் கையில் வைத்து அழுத்தினாள்.

"அமத்து. வெளிச்சம் பத்துதா? விடு. நூந்திட்டுதா? பிளாஸ்டிக். உள்ளுக்குப் பற்றரி. இதுக்குள்ள அம்மாள் இல்லை. இது உன்ர பிள்ளையின்ர காய்ச்சலை இறக்காது!"

தனுஷிகா இரண்டு தரம் அமத்திப் பார்த்தாள். பிறகு ஓவென்று அழத் தொடங்கினாள். லக்சாயினி முச்சக்கரவண்டியை மறித்து இருவரையும் ஏற்றித் தானும் ஏறினாள்.

"எங்களைக் கேவலப்படுத்திப் போட்டீர்!" கதிரவேல் வண்டிக்குக் குறுக்கே வந்தார். "இனி இந்த வீதியில உமக்கு இடமில்லை!"

"இடத்தை நீங்களே வைச்சிருங்கோ ஐயா. அந்தக் கதிரையிலயும் நீங்களே ஏறி இருங்கோ. இப்ப வழியை விடுங்கோ."

பெரியாஸ்பத்திரியில் டாக்டர் இருவரையும் பேசின பேச்சு கொஞ்சமில்லை. நாலு நாள் மருந்தேற்றிய பிறகு குழந்தை கண் முழித்துப் பால் கேட்டது.

திருவிழாவின் கடைசி நாளன்று கோயில் வீதி முடிகிற இடத்துக்கு அப்பால், மணலில், லக்சாயினி பலகையைப் போட்டாள். கதிரவேல் பார்த்துக்கொண்டு நின்றார், மணல் அவருடையதல்ல. பிள்ளைகள் ஓடிவந்து கத்தினார்கள்:

"அது பிளாஸ்டிக் விரல்! எங்களுக்குத் தெரியும்!"

"ஓம், தெரியுமெல்லே? அப்ப எப்ப போடுறன், எப்ப கழட்டுறன் எண்டு பிடியுங்கோ பாப்பம்."

கண் வெட்டாமல் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருத்தராலும் பிடிக்க ஏலவில்லை.