திரையில் இருந்த ஒரு பக்கம்

என் மனைவி இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்த கம்ப்யூட்டர் ரேமை, அவள் செத்துப் பதினேழாம் நாள் வாங்கி மாட்டினேன். எழுதிப் பார்க்கும்போது எனக்கே என் கன்னத்தில் ஒன்று வைக்கத் தோன்றுகிறது. அந்த வேலையில் ஒரு பக்கம் எழுத்து அழிந்துபோனது. அவள் கடைசியாகத் தட்டிவைத்த பக்கம். அதில் என்ன இருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள எனக்குப் பதினாறு நாள் அவகாசம் இருந்தது.

கேரள எல்லைக்குள், வடகரப்பதிப் பக்கம் எங்களுக்குத் தோட்டம். பேசுவது, ஏசுவது, சாமி கும்பிடுவது எல்லாம் தமிழில். ஆனால் ஆபீஸ் காகிதம் என்று வந்துவிட்டால் மலையாளம்தான். என் மனைவி மலையாளப் பள்ளியில் படித்தவள். தமிழ் பேசுவாள், எழுத வராது. அக்கம்பக்கத்தில் யாருக்கு ரேஷன் கார்டில் திருத்தம் என்றாலும், பென்ஷன் மனு என்றாலும் எங்கள் முன்னறைக்குத்தான் வருவார்கள். அங்கே ஒரு பழைய கம்ப்யூட்டர். இரண்டு ஜிபி ரேம். சர்க்கார் தளத்தையும் எழுதும் பக்கத்தையும் சேர்த்துத் திறந்தால் மூச்சு முட்டி நின்றுவிடும்.

"ஏனுங்க, இதுக்கு ரேம் போட்டாத்தானுங்க ஆகும். அந்தப் பக்கம் தொறக்கறதுக்குள்ள வந்தவங்களுக்கு ரெண்டு தடவை டீ போட்டுட்டேன்" என்பாள். தக்காளி முடியட்டும் என்பேன். தக்காளி முடிந்தால் தேங்காய் போடட்டும் என்பேன். வெயிலில் உட்கார்ந்து மோட்டாரைப் பிரித்து மாட்டுகிற எனக்கு, நிழலில் இருக்கிற ஒரு பெட்டியைத் திறக்க நேரமில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் இந்தக் கதைக்கு அர்த்தமே கிடையாது. எனக்கு மலையாளம் படிக்கத் தெரியாது. பேசுவேன், நன்றாகவே பேசுவேன். வில்லேஜ் ஆபீசில் நான் வாய் திறந்தால் அசல் பாலக்காட்டான் என்று நினைப்பார்கள். ஆனால் படித்தது எல்லைக்கு அந்தப் பக்கம், மாமன் வீட்டில் தங்கி, தமிழ்ப் பள்ளியில். திரும்பி வந்த வயதில் அ ஆ படிக்க வெட்கம். அந்த வெட்கம் அப்படியே முப்பது வருடம் ஓடிவிட்டது. யாராவது காகிதத்தை நீட்டினால் வாங்கி, கண்ணாடியை மாட்டி, படிக்கிற அளவு நேரம் பார்த்து, தலையாட்டி, மடித்துப் பையில் வைத்துக்கொள்வேன். வீட்டுக்கு வந்தால் அவள் படித்துச் சொல்வாள். "இன்னிக்கு எத்தனை பக்கமுங்க படிச்சீங்க?" என்று சிரிப்பாள். வெளியே ஒருவரிடமும் அவள் மூச்சு விட்டதில்லை. என் தங்கைக்கும் அக்காவுக்கும்கூடத் தெரியாது.

அன்று காலை பத்து மணி இருக்கும். கம்ப்யூட்டரில் ஏதோ தட்டிக்கொண்டிருந்தவள், மோட்டாரை நிறுத்திவிட்டு வருகிறேன் என்று எழுந்து போனாள். தென்னந்தோப்பு வரப்பில் விழுந்து கிடந்தாள். மாரடைப்பு என்றார்கள். மாதக்கணக்கில் நெஞ்சு வலி இருந்திருக்கிறது, எனக்கு மட்டும் தெரியவில்லை.

எங்கள் வீட்டில் கருமாதி வரைக்கும் செத்தவருக்காக ஏற்றியதை அணைக்க மாட்டோம். தலைமாட்டு விளக்கை மட்டும்தான் அப்படிச் சொல்வார்கள். என் அக்கா அதைக் கம்ப்யூட்டர் வரைக்கும் கொண்டுபோனாள். "டேய் தம்பி, அவ கைப்பட்டு எரியறது. கருமாதி முடியற வரைக்கும் அதைத் தொடப்படாது" என்றாள். இன்வெர்ட்டர் இருந்ததால் கரண்ட் போனபோதும் அது அணையவில்லை. பதினாறு நாளும் அது ஓடிக்கொண்டே இருந்தது.

கொஞ்ச நேரம் சும்மா விட்டால் திரை இருண்டுவிடும். யாராவது அந்த அறையில் கொஞ்சம் அழுத்தி நடந்தால் போதும், மேசை ஆடி, மவுஸ் அசைந்து, திரை எரியும். அவள் எழுந்து போன பக்கம் அப்படியே வந்து நிற்கும். பதினொரு வரி. கடைசி வரியின் முனையில் அந்தச் சின்னக் கோடு மின்னி மின்னி மறையும். மற்ற வரிகளுக்கு முற்றுப்புள்ளி இருந்தது, கடைசி வரிக்கு இல்லை. படிக்கத் தெரியாதவனுக்கும் அந்த அளவு தெரியும். இழவு கேட்க வந்தவர்கள் போனபின் நான் அதன் முன்னால் போய் உட்கார்வேன். எனக்குப் பயமாக இருந்தது. அவள் பின்னால் நின்று, நான் படிக்கிற மாதிரி பாவனை செய்வதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று தோன்றும். திரும்பிப் பார்ப்பேன். கதவுதான் இருக்கும்.

வந்தவர்களில் பாதிப் பேருக்கு மலையாளம் படிக்கத் தெரியும். ஒருவரை அழைத்து, "இதிலே என்ன போட்டிருக்குன்னு சொல்லு" என்று கேட்டிருந்தால் இரண்டு நிமிட வேலை. யாருடைய மனுவோ, மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நிஜக் காரணம் மானம். மனைவியைப் பறிகொடுத்த வீட்டிலும் அது மட்டும் விறைப்பாக உட்கார்ந்திருந்தது.

கருமாதி முடிந்த மறுநாள் கோயம்புத்தூர் போய் ரேம் வாங்கி வந்தேன். அவளுக்குச் செய்யாமல் விட்டதை இப்போதாவது செய்கிறேன் என்று ஒரு வேகம். பக்கவாட்டுத் தகட்டின் இரண்டு திருகுகளைக் கழற்றி, உள்ளே இருந்த தூசியைப் பெயின்ட் பிரஷால் தட்டினேன். பழைய ரேமின் இரண்டு முனைக் கொக்கிகளையும் விலக்கி உருவினேன். புதியதன் விளிம்பில் இருந்த வெட்டை இடுக்கில் இருந்த மேட்டில் பொருத்தி, இரண்டு கட்டை விரலாலும் அழுத்தினால் 'டக்' என்று உட்கார்ந்தது. நல்ல வேலை. மோட்டார்க்காரன் கை சும்மா போகுமா?

ஆனால் அதற்கு முன்னால் நான் செய்ததும் மோட்டார்க்காரன் வேலைதான். கம்ப்யூட்டருக்குப் போகிற சுவிட்சைத் தட்டி அணைத்திருந்தேன். கரண்டை நிறுத்தினாலும் தொட்டித் தண்ணீர் தொட்டியில்தானே இருக்கும் என்ற நினைப்பு.

மறுபடி போட்டேன். நான் நாற்காலியை இழுத்து உட்காருவதற்குள் திறந்துவிட்டது. பளிச்சென்று, வெறுமையாக. அந்தப் பக்கத்தைக் காணோம். இருந்த ஃபைலை எல்லாம் ஒவ்வொன்றாகத் திறந்தேன். எல்லாம் மலையாளம். எதுவும் பதினொரு வரி இல்லை. கடைக்காரருக்கு ஃபோன் போட்டேன்.

"சேவ் பண்ணாம வெச்சிருந்தாங்களா? அப்ப அது ரேம்லதான் இருந்திருக்குமுங்க. கரண்ட் போனா அதுல ஒண்ணும் நிக்காது" என்றார்.

கழற்றி வைத்த பழைய ரேம் மேசை மேல் கிடந்தது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு அழுதேன். அதில் ஒன்றும் இல்லை என்று அவர் இப்போதுதான் சொல்லியிருந்தார். இருந்தும் எடுத்தேன்.

ஒரு வாரம் கழித்து அங்கன்வாடி டீச்சர் வந்தார். தன் அம்மாவின் பென்ஷன் காகிதங்கள் என் மனைவியிடம் இருந்தன, அவற்றை வாங்கிப்போக வந்தவர். எடுத்துக் கொடுத்தேன். வாசல்வரை போய்த் திரும்பினார்.

"அண்ணா, ஒண்ணு சொல்லோணுங்க. மூணாம் நாள் வந்தப்ப நான் அந்த கம்ப்யூட்டர்ப் பக்கத்துல உக்காந்திருந்தேன். முட்டி பட்டு அது எரிஞ்சுது. அக்கா உங்களுக்கு எழுதுனதை முழுசாப் படிச்சுட்டேனுங்க. படிச்சிருக்கப்படாது. மன்னிச்சுருங்க."

எனக்கு எழுதியது. மனு இல்லை. எனக்குப் படிக்கத் தெரியாது என்று உலகத்தில் தெரிந்த ஒரே ஒருத்தி, நான் படிக்க முடியாத எழுத்தில் எனக்கு எழுதியிருக்கிறாள். நான் படித்துவிடக் கூடாது என்றா? அல்லது நான் யாரிடமாவது போய் வாய்விட்டுக் கேட்கட்டும் என்றா? டீச்சர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். கேட்க வேண்டியதுதான் பாக்கி.

"அதுக்கென்னங்க டீச்சர். நானும் படிச்சுட்டேன்" என்றேன்.

அவர் முகம் தெளிந்தது. "அப்பச் சரிங்க. அக்கா கேட்டது பெருசா ஒண்ணுமில்லீங்களே. செஞ்சு குடுத்துருங்கண்ணா."

"செஞ்சர்றேனுங்க."

அன்றிலிருந்து வீட்டில் ஒவ்வொன்றாகச் செய்து பார்க்கிறேன். சமையலறைக் குழாயின் ஒழுக்கை அடைத்தேன். அவள் தங்கைக்குப் பிடித்த பட்டுப்புடவையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் விழுந்த வரப்பை மேடாக்கிக் கட்டினேன். செய்துமுடித்த ஒவ்வொரு முறையும் இது இல்லை என்று யாரோ காதருகே சொல்கிற மாதிரி இருக்கும். இரண்டு முறை அங்கன்வாடி கேட்வரை போனேன். உள்ளே பிள்ளைகள் எழுத்துச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். திரும்பிவிட்டேன்.

போன வாரம் பஸ் நிறுத்தத்தில் டீச்சரைப் பார்த்தேன்.

"அக்கா சொன்னதைச் செஞ்சாச்சுங்களாண்ணா?"

நாலு பேர் நின்றிருந்தார்கள். "ஆச்சுங்க. போன மாசமே" என்றேன்.

பஸ் வந்து நின்றது. டீச்சர் மற்றவர்கள் ஏறும்வரை காத்திருந்து, என் பக்கம் நகர்ந்து, யாருக்கும் கேட்காதபடி மெதுவாகச் சொன்னார்.

"அது ஒரு மாசத்துல செய்யற காரியமில்லீங்களேண்ணா. உங்களுக்கு... மலையாளம் படிக்க வராதுங்களா?"

கேலி இல்லை அந்தக் குரலில். ஆம் என்று தலையை அசைத்திருந்தால் போதும், அங்கேயே நின்று பதினொரு வரியையும் சொல்லியிருப்பார்.

"பஸ் கெளம்புதுங்க டீச்சர், ஏறுங்க" என்றேன்.