சிவக்க மறுத்த மேப்பிள்

போன சித்திரையில் இரண்டு வாரம், மதிய நேரங்களில், எங்கள் படுக்கையறை ஏசியை ஒரு தொட்டிச் செடிக்குப் போட்டுவிட்டு, நான் கூடத்தில் மின்விசிறிக்கு அடியில் வியர்த்துக்கொண்டு படுத்திருந்தேன். குளிர் வெளியேறிவிடும் என்று மனைவியைக்கூட உள்ளே விடவில்லை. யாரிடமும் சொல்லிவிடாதே என்று அவளிடம் கெஞ்சியவன், இப்போது நானே எழுதுகிறேன்.

செடி ஜப்பான் மேப்பிள். மலைப்பக்கத்து நர்சரி ஒன்றிலிருந்து ஆன்லைனில் வரவழைத்தது. குழந்தை கையை விரித்தாற்போல இலை. நல்ல குங்குமச் சிவப்பு. ஜப்பானியத் தோட்டங்களைப் பற்றி மூன்று புத்தகம் படித்தவன் நெல்வயலும் வெயிலுமான பூதலூரில் சும்மா இருக்க முடியுமா? கோடை தணிந்ததும் கொல்லையில் வடக்குச் சுவரோரம் தொட்டியை வைத்து, நிழல்வலை கட்டி, போர்த் தண்ணீர் உப்பு என்று குடிக்கிற தண்ணீரையே ஊற்றினேன். ஐப்பசியில் செடி முழுக்கச் சிவந்து நிற்கும், வந்து பாருங்கள் என்று கல்லூரியில் கூட வேலை பார்ப்பவர்களுக்கு வாக்கும் கொடுத்தாயிற்று.

செடியோ பச்சையாகிக்கொண்டே வந்தது. துளிர் சிவப்பாக விடும். இரண்டே வாரத்தில் முருங்கைக்கீரை நிறத்துக்கு வந்துவிடும். முதல் சந்தேகம் நர்சரிக்காரர் மேல். சாயம் பூசி அனுப்பிவிட்டாரோ என்று ஈரப் பஞ்சால் இலையைத் துடைத்துப் பார்த்தேன். அடுத்தது மனைவி. ஏசி விவகாரத்தில் அவளுக்கு வலுவான காரணம் இருந்தது.

"ஏங்க, அதக் கொல்லணும்னா ஒரு சொம்பு கொதிக்கிற கஞ்சி போதும். எல கலர மாத்திக்கிட்டா உக்காந்திருப்பேன்?"

அவளை விடுவித்தேன்.

பிறகுதான் தொட்டி மண்ணில் வெள்ளைப் பரல்களைக் கண்டேன். உப்பு! வேரைக் கருக்க யாரோ உப்புப் போடுகிறார்கள். ஆளும் தயாராக இருந்தார். அடுத்த வீட்டுக்காரர் மூன்று ஏக்கர் குத்தகைக்கு எடுத்து நெல் போடுகிறவர். எங்களுக்குள் அரையடி எல்லைத் தகராறு. சர்வேயர் வந்து போனதிலிருந்து என்னைக் கண்டால் அவர் வானத்தைப் பார்ப்பார். நான் அவர் கையைப் பார்ப்பேன்.

நான்கு நாள் காலையில் பல் விளக்கும் சாக்கில் குளியலறை ஜன்னலில் காவல் நின்றேன். ஐந்தாம் நாள் சுவருக்கு மேலாக ஒரு கை நீண்டு, கொட்டாங்கச்சியிலிருந்து ஒரு சிட்டிகை தூவியது. வாயில் நுரையோடு ஓடினேன்.

"என்னங்க போடுறீங்க?"

"யூரியா சார்." மனிதர் திடுக்கிடக்கூட இல்லை. "ரெண்டு தரம் ஜிங்க்கும் போட்டேன். வந்தப்ப என்ன கதியா இருந்துச்சு! எல பூரா செவந்து போயி... நாத்து செவந்து நின்னா பாத்துக்கிட்டு இருக்க முடியுமா? நீங்க பாட்டுக்குத் தண்ணிய மட்டும் ஊத்திக்கிட்டு இருந்தீங்க. தகராறு நமக்குள்ள. செடி என்ன பண்ணுச்சு?"

"அது சிவப்பாத்தாங்க இருக்கணும்!"

இப்போது அவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். "யாரு சொன்னா?"

"ஜப்பான்ல அப்படித்தான்."

"நோய்ச்செடிய ஒங்க தலையில கட்டிட்டு, இதான் அழகுன்னும் சொல்லி அனுப்பிருக்கான். நீங்களும் நம்பிட்டீங்க."

இந்தப் பக்கத்தில் பயிர் சிவந்தால் சத்துக்குறை. பச்சை திரும்பினால்தான் வீட்டில் நிம்மதி. இது தெரியாமல் இங்கேயே இருபது வருடம் குடியிருந்திருக்கிறேன்.

யூரியாவை நிறுத்தச் சொன்னேன். நிறுத்தினார். ஆனால் தினமும் சுவரோரம் வந்து, ஆஸ்பத்திரியில் கைவிட்ட நோயாளியைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுப் போனார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. மிச்சம் மீதி உரம் இருக்குமென்று மேல்மண்ணை நானே ஆழமாக வழித்தெடுத்து, புது மண் போட்டேன்.

ஐப்பசியில் செடி சிவந்தது. அடி முதல் நுனி வரை. கல்லூரியில் எல்லோருக்கும் சொல்லி ஞாயிற்றுக்கிழமைக்கு அழைத்தேன். வெள்ளிக்கிழமை இலை நுனிகள் சுருண்டன. சனிக்கிழமை தொட்டால் அப்பளமாக நொறுங்கின. ஞாயிறன்று வந்தவர்கள் ஒரு குச்சியைச் சுற்றி நின்று மரியாதையாகக் காபி குடித்தார்கள். அவர்கள் போனபின் தண்டை நகத்தால் கீறினேன். உள்ளே ஈரமில்லை. மண்ணைத் தோண்டினால், நான் வழித்தெடுத்த வேகத்தில் அறுந்துபோன வேர்கள். சந்தேகப்பட வேறு ஆள் மிஞ்சவில்லை.

அடுத்த வீட்டுக்காரர் சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"மனச விட்டுறாதீங்க சார். செவக்கணும்னுதானே ஆசப்பட்டீங்க? செவந்துட்டுத்தானே செத்துச்சு."