கோடைக்கேற்ற துவக்கு

யதுர்ஷாவுக்குக் குளிர்காலம்தான் பிடிக்கும். ஒஸ்லோவில் பிறந்து வளர்ந்த ஒருத்தி இப்படிச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். ஆனால் அவளுக்குக் காரணம் இருந்தது. குளிர்காலத்தில் மனிதர்கள் கோட்டுக்குள் இருக்கிறார்கள். கோட்டுக்குள் வேறு எதுவும் இருக்கலாம். ஜூன் பிறந்து வெப்பம் இருபத்தைந்து பாகையைத் தொட்டுவிட்டால் இந்த ஊர் கூச்சத்தை விட்டுவிடும். ரொம்சோஸ் குடியிருப்புக்குப் பின்னால் இருக்கும் காட்டு ஏரியில் கரைப் பாறைகள் எங்கும், தோல் சீவிய உருளைக்கிழங்குகளைப் போல ஆட்கள் கிடப்பார்கள். அந்த நாட்களில்தான், ஒரு கைத்துப்பாக்கியை இடுப்பில் வைத்துக்கொண்டு, வைத்திருப்பது யாருக்கும் தெரியாமல் நடமாடுவது அவளுடைய உத்தியோகமாக இருந்தது.

அவள் அமைச்சர்களுக்குக் காவல் போகிறவள். சீருடை கிடையாது. அமைச்சர் ஐஸ்கிரீம் வாங்க நின்றால் அவளும் பக்கத்தில் ஒரு ஐஸ்கிரீமோடு நிற்பாள், இடக்கையில் பிடித்தபடி. இரண்டு கோடைகள் இப்படிப் போனதில் துணிகளைப் பற்றி அவள் அறிந்த அளவுக்கு ஒரு தையற்காரியும் அறிந்திருக்கமாட்டாள். லினன் கசங்கும், ஆனால் உடம்பை விட்டு விலகி நிற்கும். மெல்லிய பருத்தி வியர்வையோடு கூட்டுச் சேர்ந்து காட்டிக்கொடுக்கும். பூப்போட்ட துணி எல்லாவற்றையும் மன்னிக்கும். கடைகளில் மற்றப் பெண்கள் கண்ணாடிக்கு முன்னால் நின்று தங்களைப் பார்ப்பார்கள். அவள் திரும்பி நின்று குனிந்து, அப்போது இடுப்பில் இல்லாத ஒன்று வெளியே தெரிகிறதா என்று தேடுவாள். விற்பனைப் பெண்கள் அவளைக் கொஞ்சம் கர்வம் பிடித்தவளாக நினைத்தார்கள்.

இதெல்லாம் அவளுடைய அம்மா சிறிதேவிக்குத் தெரியாது.

பதினோரு வருடத்துக்கு முன் யதுர்ஷா பொலிஸ் கல்லூரிக்கு விண்ணப்பிக்கப் போவதாகச் சொன்னபோது, சிறிதேவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். அவள் கத்தவில்லை. தன் அண்ணனைப் பற்றி, மகளுக்கு முதன்முறையாக, முழுதாகச் சொன்னாள். எண்பத்தேழாம் ஆண்டு, ஊரில், சுன்னாகம் சந்தைக்குள், ஒருவன் வந்து அண்ணனிடம் நேரம் கேட்டான். அண்ணன் கைக்கடிகாரத்தைப் பார்க்கக் குனிந்தார். வந்தவன் சட்டையை உயர்த்தி மடிக்குள் இருந்து கைத்துப்பாக்கியை எடுத்தான். அவ்வளவுதான் கதை.

“தோளிலை கொழுவின துவக்கெண்டால் கண்டிட்டு ஓடலாம் பிள்ளை. ஆமிக்காரனுக்குக்கூட நாங்கள் அப்பிடித்தான் தப்பினனாங்கள். மடிக்குள்ளை இருக்கிறதை எப்பிடிக் காணுறது?”

“இஞ்சை பொலிஸ் துவக்கு கொண்டு திரியிறேல்லை அம்மா,” என்றாள் யதுர்ஷா. “காருக்குள்ளை பூட்டித்தான் கிடக்கும்.”

அது உண்மை. இந்த நாட்டைப் பற்றிச் சிறிதேவிக்குப் பிடித்த முதல் விடயமும் அதுதான்: பொலிஸ்காரர்கள் வெறுங்கையோடு வந்து வழி சொல்லிவிட்டுப் போகிறார்கள். அவள் சம்மதித்தாள். மடிக்குள் ஒன்றை ஒளித்துக்கொண்டு மனிதருக்கு நடுவில் நிற்கமாட்டேன் என்று மகளிடம் வாக்கும் வாங்கினாள். யதுர்ஷா கொடுத்தாள். உண்மைக்கும் பால் பெட்டியில் போடுவது போல ஒரு கடைசித் தேதி உண்டு என்பது இருபத்தொரு வயதில் யாருக்குத் தெரியும்? காவல் பிரிவுக்கு மாறியபோது, “பெரிய ஆக்களோடை போய்வாற வேலை” என்று மட்டும் வீட்டில் சொன்னாள். சிறிதேவி அதைக் கோப்புக் கட்டுகளோடு நடக்கும் வேலையாக எடுத்துக்கொண்டு, மகள் அமைச்சரின் கந்தோரில் இருப்பதாகக் கோயிலில் சொல்லிவைத்தாள். யதுர்ஷா திருத்தவில்லை. பொய் சொல்லாமல் பொய்க்குள் குடியிருப்பது எவ்வளவு வசதியானது என்று அவளுக்கே வியப்பாக இருந்தது.

அப்படி இருக்கையில்தான் ஓகஸ்ட் மாதத் தேர்த்திருவிழாவுக்கு ஒரு அமைச்சர் வருவதாக முடிவாயிற்று. அவருக்கு அந்த மாதம் விரும்பத்தகாத கடிதங்கள் சில வந்திருந்தன. குரோருட் பக்கத்து முருகன் கோயிலுக்கு அவரோடு உள்ளே போக ஒரு ஆள் வேண்டும். பிரிவில் திடமான ஆண்கள் ஒன்பது பேர் இருந்தார்கள். ஆனால் அந்தக் கோயிலுக்குள் ஆண்கள் மேற்சட்டை இல்லாமல் போவதுதான் வழக்கம். வெறும் மேலோடும் வேட்டியோடும் நிற்கும் ஒருவனால் பூணூலைவிடத் தடிப்பான எதையும் ஒளிக்கமுடியாது. சட்டை போட்டு நின்றால் அந்தச் சட்டையையே ஊர் பார்க்கும். ஒன்பது பேரும் யதுர்ஷாவைப் பார்த்தார்கள். சேலை என்றால் என்ன என்று யாரோ கைப்பேசியில் தேடிப் பார்த்துவிட்டு, ஆறு மீற்றர் துணி என்று வாசித்தபோது, அறையில் ஒரு பெருமூச்சு எழுந்தது. ஆறு மீற்றருக்குள் பீரங்கியையே வைக்கலாம் என்று நினைத்திருப்பார்கள்.

ஆயுத அறை நிலத்துக்கு அடியில் இருந்தது. வெளியே இருபத்தொன்பது பாகை. கீழே கிணற்றுக் குளிர். அதைப் பார்த்துக்கொள்ளும் ரூனார், ஓய்வு பெற இரண்டு வருடம் இருக்கும் மெதுவான மனிதர், சாம்பல் நிறக் கம்பளித் துணியில் மூன்று கைத்துப்பாக்கிகளை நகைக்கடைக்காரரைப் போல அடுக்கிவைத்தார். அவள் கொண்டுவந்த பட்டுச் சேலையைப் பக்கத்தில் விரித்தாள். மயில்கழுத்து நிறம், அரக்குக் கரை. இருவரும் அந்த மேசையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எண்ணெய் மணமும் அந்துருண்டை மணமும் கலந்து வந்தன. கல்யாண வீட்டுச் சீர்வரிசைத் தட்டு ஒன்றில் யாரோ வழி தவறி இரும்பை வைத்துவிட்டது போல அவளுக்குத் தோன்றியது.

முதலாவது, அவள் நாளாந்தம் பழகிய பெரியது. கைக்குப் பல்துலக்கி போலப் பழக்கம். பட்டுக்குள் வைத்தால் சோற்றுப் பெட்டி போலத் தெரிந்தது. மூன்றாவது, உள்ளங்கையில் அடங்கும் குஞ்சு. ஆறு துப்பாக்கி ரவைதான் கொள்ளும். பிடித்தால் சுண்டுவிரலுக்கு இடமில்லாமல் அது காற்றில் தொங்கியது. பத்து மீற்றருக்கு அப்பால் அது தன் இஷ்டத்துக்குச் சுட்டது. சின்னது மறைக்கச் சுகம், பெரியது சுடச் சுகம், இரண்டும் ஒருபோதும் ஒன்றாக வராது என்று ரூனார் சமய உண்மை போலச் சொன்னார். குழலின் நீளத்தைப் பற்றிக் கவலைப்படாதே, அதை உடம்பு விழுங்கிவிடும். வெளியே துருத்தி ஆளைக் காட்டிக்கொடுப்பது பிடிதான் என்றார். நடுவில் கிடந்ததன் பிடி ஒரு விரலளவு குட்டை. பத்து ரவை. அவள் அதை எடுத்தாள்.

பிறகு எங்கே வைப்பது என்ற கேள்வி. உள்பாவாடைக் கயிறு முக்கால் கிலோ இரும்பைத் தாங்காது. வயிற்றைச் சுற்றி அகலமான இழுபட்டி, அதில் விசையை முற்றாக மூடும் கடினமான உறை, வலப்பக்கம், சேலையின் கொய்யக மடிப்புகள் செருகும் இடத்துக்குச் சற்றுத் தள்ளி. மேலே முந்தானை குறுக்காகப் போகும். இடக்கையால் அதை விலக்கினால் வலக்கை போய்ச் சேரும். வியர்வை இரும்பைத் தின்னும் என்பதால் மாலையில் துடைக்க எண்ணெய்த் துணி ஒன்றை ரூனார் தந்தார். அவள் நடந்தாள், குனிந்தாள், சப்பணமிட்டு உட்கார்ந்தாள். நான்கு பக்கமும் நான்கு பேர் நின்று பார்த்தார்கள். கடைசியில் சக அதிகாரி ஒருத்தி வந்து கட்டிப்பிடித்துப் பார்த்தாள். நோர்வேக்காரர்கள் கட்டிப்பிடிப்பது தோளோடு முடிந்துவிடும். எல்லாச் சோதனையிலும் யதுர்ஷா தேறினாள்.

அந்தச் சேலை சிறிதேவியுடையது. தேருக்கு உடுக்கப் பட்டுச் சேலை ஒன்று வேண்டும் என்று மகள் கேட்டபோது, தாய் ஐந்து சேலைகளைக் கட்டிலில் போட்டாள். முப்பத்திரண்டு வயதில் பிள்ளைக்குப் புத்தி திரும்பிவிட்டது என்று நினைத்து அப்பா சிவானந்தனைக் கண்ணால் கூப்பிட்டுக் காட்டினாள். யதுர்ஷா ஒவ்வொன்றையும் விரலுக்கிடையில் வைத்துத் தடிப்பைப் பார்த்தாள். தரம் பார்க்கிறாள் என்று தாய் பெருமைப்பட்டாள். தானே உடுத்திவிடுவதாகத் தாய் சொன்னதற்கு மட்டும் மகள் இணங்கவில்லை; வேலையிலிருந்து நேரே வருவதாகச் சொல்லிவிட்டாள்.

தேர் அன்று வெயில் கனவுக்குள் அடிப்பது போல அடித்தது. அடுக்குமாடிகளுக்கு நடுவில், வாகனத் தரிப்பிடத்தையும் பஸ் நிறுத்தத்தையும் கடந்து, தேர் தண்ணீரில் போவதைப் போல அசைந்து போயிற்று. பால்கனிகளில் நீச்சலுடையோடு நின்றவர்கள் கையசைத்தார்கள். கற்பூரப் புகை நிலத்தை விட்டு எழும்ப மனமில்லாமல் முழங்கால் உயரத்தில் நின்றது. நாதஸ்வரம் எங்கோ தூரத்தில் கேட்பது போலவும் காதுக்குள் கேட்பது போலவும் இருந்தது. தேருக்கு மேல் முருகன் வேலாயுதத்தை எல்லோருக்கும் தெரியப் பிடித்திருந்தார். அவரை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. வெறுங்காலோடு, சுடுதாரில் துள்ளித் துள்ளி அமைச்சர் நடந்தார். அவருக்கு இரண்டடி பின்னால் யதுர்ஷா நடந்தாள், முகங்களையும் கைகளையும் பார்த்தபடி. வெறும் மேலோடு நூற்றுக்கணக்கான ஆண்கள். ஒருவரிடமும் ஒன்றும் இல்லை என்று ஒரு பார்வையில் தெரிந்தது. இவ்வளவு நேர்மையான கூட்டத்தை அவள் தன் தொழிலில் கண்டதில்லை. அந்தக் கூட்டத்தில் மறைக்க ஏதும் வைத்திருந்த ஒரே ஆள் தான்தான் என்ற எண்ணம் வந்து, மெல்ல, புகையோடு சேர்ந்து போயிற்று.

தேர் வடக்குப் பக்கம் திரும்பித் தேங்காய் உடைக்க நின்றபோதுதான் பூமணி மாமி அவளைக் கண்டாள். உறவில் மாமி இல்லை. கோயிலில் எல்லோருக்கும் மாமி. ஒரு மணி நேரமாக இரும்பு கீழே இழுத்ததில் யதுர்ஷாவின் கொய்யகம் நான்கு விரல் இறங்கி, கரை நிலத்தில் இழுபட்டுக்கொண்டிருந்தது. பிரிவில் அத்தனை பேரும் கண்ணுக்குத் தெரிகிறதா என்றுதான் சோதித்தார்கள். கைக்குப் படும் என்று ஒருவரும் நினைக்கவில்லை, அவள் உட்பட. எங்கள் பெண்களுக்கு நடுவில், குலைந்த சேலை உடுத்தவளுக்குச் சொந்தமில்லை. மூத்தவள் எவளும் வந்து, கேட்காமல், மடிப்புக்குள் கையை விட்டு உதறிச் செருகிவிட்டுப் போகலாம். போகவும் வேண்டும்.

“என்ன பிள்ளை, சாக்கைக் கட்டின மாதிரி உடுத்திருக்கிறாய்,” என்று மாமி வந்தாள். யதுர்ஷா பின்வாங்கினாள். அமைச்சரை விட்டு அதற்கு மேல் விலகமுடியாது. “வேண்டாம் மாமி” என்றாள். அந்தச் சொல்லுக்கு இந்தக் காரியத்தில் ஒரு பெறுமதியும் இல்லை. மாமி வாயில் ஒரு ஊசியைக் கவ்விக்கொண்டு கையை நீட்டியபோது, பின்னாலிருந்து இன்னொரு கை அதை விலக்கிற்று.

“விடுங்கோ மாமி, உங்களுக்கு முழங்கால் ஏலாது. நான் குத்திவிடுறன்.”

சிறிதேவி ஊசியை வாங்கிக்கொண்டு மகளுக்கு முன்னால் முழந்தாளிட்டாள். முகத்தில் நாள் முழுக்க இருந்த பெருமை அப்போதும் இருந்தது. மடிப்புகளைக் கீழிருந்து நீவி எடுத்தாள், ஒன்றாகச் சேர்த்தாள், செருகக் கையை உள்ளே விட்டாள். கை நின்றது.

யதுர்ஷா அமைச்சரின் முதுகை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. எடுக்க அனுமதி இல்லை. எடுக்கத் துணிவும் இல்லை. அம்மாவின் விரல்கள் உறையின் மேல் மெல்லப் போய், பிடியின் நுனியில் வந்து தங்கியதை வயிற்றால் உணர்ந்தாள். தேங்காய்கள் உடைந்தன. யாரோ அரோகரா என்றார்கள். சிறிதேவி ஒரு வார்த்தை உரக்கச் சொன்னால் போதும், முந்நூறு பேர் ஓடுவார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு எப்படி ஓடுவதென்று நன்றாகத் தெரியும்.

“எத்தினை நாளாய்?” என்றாள் சிறிதேவி, நிலத்தைப் பார்த்து.

“ரண்டு வருசம்.”

“ஆரைச் சுட?”

“ஒருத்தரையும் இல்லையம்மா. இந்த ஆளுக்கு ஒண்டும் நடக்கக்கூடாது.”

சிறிதேவி மடிப்புகளை வெளியே எடுத்து, மறுபடி ஒவ்வொன்றாக அடுக்கினாள். இந்த முறை இரண்டு மடிப்பைக் கூட்டி வைத்து, அந்த இடம் தெரியாதபடி வலப்பக்கம் தள்ளிச் செருகி, ஊசியைக் குத்தினாள். முந்தானையை இழுத்துச் சரியாக்கினாள். ரூனாரும் நான்கு பேரும் ஒரு பிற்பகல் முழுக்கச் செய்ததை அவள் அரை நிமிடத்தில் அவர்களைவிட நன்றாகச் செய்தாள். எழுந்து மாமியிடம், பட்டு வழுக்குது, இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு உடுக்கத் தெரியாது என்று சொல்லிவிட்டுக் கூட்டத்துக்குள் போனாள். தேர் தன் இருப்பிடத்துக்கு வரும்வரை அவள் வடத்துக்கு மறுபக்கத்திலேயே நடந்தாள். ஒருமுறையும் இந்தப் பக்கம் பார்க்கவில்லை.

அமைச்சருக்கு ஒன்றும் நடக்கவில்லை. காலில் கொப்புளத்தோடும் நெற்றியில் திருநீறோடும் மகிழ்ச்சியாகக் காரில் ஏறினார். தானும் ஏறுவதற்கு முன் யதுர்ஷா தாயைத் தேடிப் போனாள். சிறிதேவி அன்னதான வரிசையில் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“அதைக் கொண்டுபோய் வைச்சிட்டு இரவைக்குச் சாப்பிட வரட்டே அம்மா?”

“இண்டைக்கு வராதை,” என்றாள் சிறிதேவி. குரலில் கோபம் இல்லை. அதுதான் யதுர்ஷாவை அதிகம் பயப்படுத்தியது. “எனக்கு அண்ணன்ர ஞாபகமாய்க் கிடக்குது. நாளைக்கு வா.”

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. யதுர்ஷா எல்லிங்ஸ்ருட்டில் உள்ள தன் வீட்டிலிருந்து, தாய் வீடு இருக்கும் ரொம்சோஸுக்குப் போனாள். மெல்லிய பருத்திச் சட்டை, ஒன்றையும் மறைக்காதது, போட்டிருந்தாள். மணியை அடித்துவிட்டு, தாய் கதவைத் திறக்கமாட்டாள் என்றுகூட நினைத்தாள். கதவு திறந்தது. சிறிதேவி வாசலிலேயே நின்றாள். உள்ளே வா என்று சொல்லவில்லை. இரண்டு கைகளையும் நீட்டி மகளின் இடுப்பை இருபக்கமும் தடவினாள். வயிறு, முதுகின் நடு, மறுபடி வலப்பக்கம். அவசரமில்லாமல், ஒரு இடத்தையும் விடாமல், விமான நிலையத்துக்காரர்கள் கற்றுக்கொள்ளவேண்டிய ஒழுங்கோடு. யதுர்ஷா கைகளைச் சற்று உயர்த்திக் கொடுத்தாள்.

“சரி,” என்றாள் சிறிதேவி. “கையைக் கழுவிப்போட்டு வா, புட்டு ஆறுது.”

அதைப் பற்றி அவர்கள் அதற்குப் பிறகு கதைக்கவில்லை. வேலையை விடு என்று தாய் கேட்கவில்லை. விடுகிறேன் என்று மகளும் சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும், பனி நாளில் கோட்டுக்கு மேலாகவும், அந்த வாசலில் அந்தச் சோதனை நடக்கிறது. ஒஸ்லோ நகரத்தில் அவளை ஒழுங்காகச் சோதிக்கும் ஒரே ஆள் சிறிதேவிதான். சில நாட்களில் கைகள் தேவைக்கு அதிகமாக அங்கே நிற்கின்றன. யதுர்ஷா அசையாமல், அவை தாமாக விலகும்வரை, நிற்கிறாள்.