எட்டாம் நம்பர் தோல்

குன்னூர்ல எங்க பள்ளிவாசல் ஜமாஅத்துக்கு ஒரு வேன் இருக்கு. டயாலிசிஸ் பண்றவங்களை வாராவாரம் கோயமுத்தூருக்குக் கூட்டிட்டுப் போய்ட்டு வரும். டீசல் செலவு பெரும்பாலும் பக்ரீத்துக்கு அறுத்த ஆட்டுத் தோலை வித்துத்தான். அந்த வேன்ல முன்சீட்டு என் சம்சாரத்தோட அண்ணனுக்கு, அவருக்கும் டயாலிசிஸ்தான். வேன் நின்னா எனக்கு ஊட்டுல சோறும் நின்னுரும்.

"போன வருசத் தோல் காசு எங்கீங்க போச்சு?"ன்னு ஜமாஅத்துல கேள்வி வந்துச்சு. ஒழுங்கா வேனுக்குத்தான் போயிருந்துச்சு, ஆனா யாரும் சொல்லலை. இந்தத் தடவை எல்லாத்தையும் வெளிப்படையா செய்யறேன்னு நான் கையைத் தூக்கினேன். சும்மா உக்காந்திருக்கலாம்.

ஒவ்வொரு தோலுக்கும் ஒரு நம்பர் கட்டி, போட்டோ எடுத்து, ஜமாஅத் வாட்ஸப் குரூப்புல போடறது. இதான் என் மூளைக்கு எட்டின திட்டம்.

பக்ரீத் அன்னிக்கு நல்ல மழை. ஷெட்டுல தார்ப்பாய் விரிச்சு தோலையெல்லாம் வரிசையா போட்டேன். உப்பு மூட்டையோட வந்தவரு, "பாய், சட்டுனு உப்புப் போடோணும், இல்லீன்னா நாறிரும்"னாரு.

"இருங்க, உப்புப் போட்டா போட்டோ நல்லா வராது"ன்னேன்.

போட்டோ போனதும் குரூப்புல சண்டை. "என் ஆடு பெருசுங்க, தோலு ஏன் சிறுசா தெரியுது?" "இது என்னுது இல்ல, என் ஆட்டுக்கு வயித்துல வெள்ளை!" திரும்பத் திரும்ப எடுத்து அனுப்புனேன். பொழுது போயிருச்சு.

மறுநாள் மேட்டுப்பாளையத்துல இருந்து வந்த வியாபாரி மூக்கைப் பொத்திக்கிட்டு பாதித் தோலை ஒதுக்கிட்டாரு. "போஸ் குடுத்தே கெட்டுப் போச்சுங்க."

வித்த காசு அரைவாசி டீசலுக்குக் கூடப் பத்தாது. ஆனா வெளிப்படைன்னு வாய் குடுத்தாச்சே! எந்த நம்பர் வித்துச்சு, எது கெட்டுச்சுன்னு குரூப்புல போட்டுட்டு போனைத் தலகாணிக்கு அடியில வெச்சேன்.

உடனே அடிச்சுது. பேக்கரிக்கார பாய்.

"எட்டாம் நம்பர் என்னுது. என் தோலு கெட்டதுன்னு ஊருக்கே சொல்லுவீங்களா? அது என்ன வெலையோ நான் தாறேன். குரூப்புல இருந்து எடுங்க அதைய!"

"எடுக்க முடியாதுங்க பாய். என் தப்புனால கெட்டுச்சு, பாய் காசாக் குடுத்துட்டாருன்னு வேணா கீழ எழுதறேன்."

"உங்க தப்புங்கறதைய பெருசா எழுதுங்க!"

எழுதுனேன். அதைப் பாத்துட்டு கெட்ட தோல்காரங்க எல்லாரும், எங்களுக்கும் அதே மாதிரி எழுதுன்னு காசோட வந்துட்டாங்க. ஒருத்தர் என் பேருக்கு முன்னாடி 'மடையன்'னு சேக்கச் சொல்லி கூடுதலாவே குடுத்தாரு. சேத்தேன். வேன் நிக்காம ஓடுச்சு.

அடுத்த தடவை நானும் வேன்ல கூடப் போனேன். கோயமுத்தூருக்கு மலை எறங்கறப்போ முன்சீட்டுல இருந்து மச்சான் திரும்பிப் பாத்தாரு.

"மாப்ள, உன்னைத் திட்டறதுக்கு ஊரே காசு குடுக்குது. இதைய மாசாமாசம் வெச்சுக்கலாமே?"