அணியத்தில் இருந்த முகம்

எனக்கு முகம் வரைய வராது. கை, கால், மீன், பூ எதுவும் வராது. நான் வண்ணம் அடித்த பலகைகளைப் பார்ப்பவர்கள், இவன் எல்லாவற்றையும் கற்று, பிறகு அதையெல்லாம் விட்டுவிட்டு முக்கோணத்துக்கும் சதுரத்துக்கும் வந்தவன் என்று நினைக்கிறார்கள். நான் எதையும் விடவில்லை. வராததை எப்படி விடுவது?

பழவேற்காடு ஏரிக்கரையில் பைபர் படகுகளுக்கு ஒட்டுப்போடுவது என் வேலை. வெடித்த இடத்தைத் தேய்த்து, கண்ணாடி நார் வைத்து, ரெசின் பூசி, காய்ந்ததும் மறுபடி தேய்த்து, மேலே பெயிண்ட் அடிப்பேன். என் அக்கா புருஷன் புதுப் படகு வாங்கியபோது, அணியத்தில், அதாவது படகின் மூக்குப் பக்கத்தில், தன் மகளின் முகத்தை வரையச் சொன்னார்.

"பொன்னேரிலேர்ந்து ஆள் கூட்டியாரலாமே" என்றாள் அக்கா.

"வூட்லயே பெயிண்டர் இருக்க சொல்ல ஆள் இன்னாத்துக்கு?" என்றார் அவர்.

முடியாது என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பெயிண்டர் என்று அவர் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

அவளுடைய பள்ளிக்கூட போட்டோவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரைந்தேன். ஒரு கண் பெரிதாகிவிட்டது. அதற்கு ஈடாக மற்றதையும் பெரிதாக்கினேன். இரண்டுக்கும் நடுவில் மூக்குக்கு இடமில்லாமல் போனது. படகைத் தண்ணீரில் இறக்க எல்லோரும் கூடிய காலையில், மூடியிருந்த துணியை எடுத்தார்கள்.

"இன்னாயா இது, கொரங்கு படம் போட்டு வச்சிருக்க?" என்றான் பக்கத்துப் படகுக்காரன்.

"டேய், அது இவரு பொண்ணுடா."

"அப்ப சரியாத்தான் வரஞ்சிகிறான்."

கரையே சிரித்தது. அவளுக்கு அப்போது ஒன்பது வயதோ பத்து வயதோ. புதுப் பாவாடை கட்டிக்கொண்டு நைனாவின் கையைப் பிடித்து நின்றாள். எல்லோரும் படத்தைப் பார்த்தார்கள், அவளைப் பார்த்தார்கள், மறுபடி படத்தைப் பார்த்தார்கள். அவள் கையை உதறிவிட்டு ஓடினாள்.

நான் அவள் பின்னால் ஓடவில்லை. பெயிண்ட் டப்பாக்களிடம் ஓடினேன். மிச்சமிருந்த மஞ்சள், நீலம், சிவப்பு எல்லாவற்றையும் எடுத்துவந்து, டேப் ஒட்டி ஒட்டி முக்கோணமாக அடித்தேன். நேர்கோடு எனக்கு வரும். டேப் ஒட்டினால் யாருக்கும் வரும். பொழுது சாய்வதற்குள் முகம் காணாமல் போனது.

"இது ஷோக்கா கீதே" என்றான், குரங்கு என்று சொன்ன அதே ஆள். தன் படகுக்கும் கேட்டான்.

என் கலை வந்த பாதை இவ்வளவுதான். அப்புறம் உடைந்த கதவு, ஐஸ் பெட்டி மூடி, பிளைவுட் துண்டு என்று கிடைத்ததில் எல்லாம் அடித்தேன். நீலத்தின் பக்கத்தில் சிவப்பை வைத்தால் கண் ஆடும், பச்சையை ஒட்டி வைத்தால் அந்தச் சிவப்பே முறைக்கும். கெடுத்துக் கெடுத்துத்தான் கற்றுக்கொண்டேன். அந்த வேலை எனக்குப் பிடித்தும் போயிற்று. அதுதான் கேவலம். அங்கே பள்ளிக்கூடத்தில் அவளுக்குக் குரங்கு என்றே பேர் விழுந்துவிட்டது. என் கொட்டகைப் பக்கம் வராமல் அவள் சுற்றிக்கொண்டு போவதை நான் பார்த்திருக்கிறேன். ஒரு வார்த்தை சொன்னதில்லை.

பறவை பார்க்க வந்த ஒருவர் என் படகுகளைப் படமெடுத்துப் போனார். அவர் மூலமாகச் சென்னையில் ஒரு மண்டபத்தில் என் பலகைகளை மாட்டினார்கள். அக்கா மகள் இப்போது காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் வேலைக்குப் போகிறாள். நான் தனியாகத் தடுமாறுவேன் என்று அக்கா அவளைத்தான் துணைக்கு அனுப்பினாள்.

இந்த வடிவங்களுக்கு எப்படி வந்தீர்கள் என்று ஒரு அம்மா மைக்கில் கேட்டார். "ஏரியில வெயில் வுழும்போது தண்ணி துண்டு துண்டா ஒடையும். அதப் பாத்துதான்" என்றேன். அது அந்தப் பறவைக்காரர் சொன்னது. திருடிச் சொன்னேன். கைதட்டினார்கள்.

பின்வரிசையிலிருந்து அவள் குரல் வந்தது. "மாமா, கொரங்கு கதய உட்டுட்டியே."

வேறு வழியில்லை, சொன்னேன். மண்டபம் சிரித்தது. கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை, படித்தவர்கள், நல்லவர்கள். ஆனால் எல்லாத் தலைகளும் பலகையிலிருந்து அவள் பக்கம் திரும்பின. அந்தத் திரும்பல் எனக்குத் தெரியும். கரையில் பார்த்தது.

அவள் இந்தத் தடவை ஓடவில்லை. எழுந்து நின்றாள். "பாத்துக்குங்க, நல்லா பாத்துக்குங்க" என்றாள். சிரிப்பு நின்றது.

திரும்பும்போது, பஸ் பொன்னேரியைத் தாண்டியதும், "தப்புதாம்மா" என்றேன்.

"இத சொல்ல இவ்ளோ வருஷமா?" ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நான் அத சரியா பாக்கவே இல்ல மாமா. அதுக்குள்ள ஓடிட்டேன். தேய்ச்சி எடுத்துக் காட்டு."

மறுநாள் காலையில் உப்புத்தாளோடு அக்கா புருஷனின் படகுக்குப் போனேன். ஒவ்வொரு வருஷமும் அந்த முகத்தின்மேல் புதிதாக அடித்திருந்தேன். தேய்க்கத் தேய்க்க மஞ்சளுக்குக் கீழே நீலம், நீலத்துக்குக் கீழே சிவப்பு. கடைசியில் ஒரு கண் வந்தது, பிறகு இன்னொன்று, பிறகு அந்த மூக்கு. ஆட்கள் கூடிவிட்டார்கள். அவளும் வந்து அதன் முன்னால் குந்தி வெகுநேரம் பார்த்தாள்.

"கொரங்கு ஒன்னும் இல்லியே" என்றாள். "உனக்கு வரையத் தெரில. அவ்ளோதான்."

"மூடிடட்டுமா?" என்றேன். டேப் என் பையிலேயே இருந்தது.

"வேணாம், இருக்கட்டும். யார் வரஞ்சதுனு கேட்டா நான்தான்னு சொல்லு. கொஞ்ச நாள் உன்ன பாத்து சிரிக்கட்டும்."

படகு அப்படியேதான் ஏரிக்குப் போய் வருகிறது. சுற்றிலும் முக்கோணங்கள், நடுவில் கோணல் மூஞ்சி. கரையில் தினமும் யாராவது கேட்கிறார்கள். நான்தான் என்கிறேன். ஒவ்வொரு தடவையும் காது சுடுகிறது.