இருபத்தொன்பதாம் நாள் பிறை பார்க்கப் பீவர்ட்டன் போனது

இரவு பதினொன்று ஐம்பதுக்கு எழுத உட்கார்ந்ததற்கு முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். அறிவிப்பு மணி அடித்து யாருடைய கைக்குழந்தையாவது எழும்பியிருந்தால் அந்தப் பழி என்னுடையது. எனக்கும் எட்டு மாதத்தில் ஒன்று இருக்கிறது, அந்தக் கோபம் தெரியும். ஆனால் இதை நாளைக்கு என்று தள்ளிவைத்தால் பிரயோசனம் இல்லை. ஏன் என்பது கடைசியில்.

வழக்கமாக இங்கே சின்னப் பிள்ளைகளோடு போய்வரக்கூடிய இடங்களைப் பற்றித்தான் எழுதுவேன். இதுவும் அப்படிப்பட்ட பயணம்தான், இடம் மட்டும் வானத்தில். நேற்று, நோன்பு இருபத்தொன்பது அன்று, பிறை பார்க்க ஸ்காபரோவிலிருந்து பீவர்ட்டன் போனோம். போக மட்டும் தொண்ணூற்றாறு கிலோமீற்றர்.

இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களில் பாதிப் பேர் முஸ்லிம்கள் இல்லை என்பதால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எங்கள் மாதத்துக்கு இருபத்தொன்பது நாள், அல்லது முப்பது. இருபத்தொன்பதாம் நாள் சூரியன் மறைந்ததும் மேற்கு வானத்தைப் பார்க்க வேண்டும். பிறை கண்டால் நோன்பு முடிந்தது, விடிந்தால் பெருநாள். காணாவிட்டால் முப்பதையும் பூர்த்தி செய்ய வேண்டும். சொல்லும்போது இவ்வளவு இலேசு. ரொறன்ரோவில் ஒரு பள்ளிவாசல் கணக்குப் போட்டுப் போன வருடமே கலண்டர் அடித்துக் கொடுத்துவிடும். இன்னொன்று வெளிநாட்டு அறிவிப்புக்குக் காத்திருக்கும். நாங்கள் போகிற பள்ளி, இந்த நாட்டில் யாராவது கண்ணால் கண்டு சாட்சி சொன்னால்தான் ஏற்கும். மூன்றும் எங்கள் வீட்டிலிருந்து நான்கு கிலோமீற்றருக்குள் இருக்கின்றன. போன வருடம் எங்கள் மாடியில் ஒரு கதவுக்குப் பின்னால் பிரியாணி, எதிர்க் கதவுக்குப் பின்னால் நோன்பு. நான் வேலை செய்கிற பல் வைத்தியசாலையில் மேலாளர் நல்ல மனுசிதான். ஆனாலும் உங்கள் பண்டிகை என்றைக்கு என்று உங்களுக்கே தெரியாதா என்று மூன்று வருடமாகக் கேட்கிறார். நானும் மூன்று வருடமாகச் சிரித்துச் சமாளிக்கிறேன்.

நகரத்துக்குள் மேற்கே பார்த்தால் மாடிகள்தான் தெரியும். அதனால் பள்ளியில் இந்த முறை வெளியூர் போய்ப் பார்க்க ஆள் கேட்டார்கள். என் கணவர் நிஸாம் பெயர் கொடுத்தார். பெயர் கொடுத்தது அவர், சாட்சி சொல்லப் போகிறவரும் அவர். நான் வீட்டில் இருந்திருக்கலாம். எட்டு மாதமாக வைத்தியசாலையையும் மளிகைக் கடையையும் தவிர வேறு திசை பார்க்காதவள், நானும் வாறேன் என்று கேட்டுப் போனேன்.

மாலை நான்கு ஐம்பதுக்குப் புறப்பட்டோம். வழி தவற முடியாத வழி. மார்க்கம் ரோட்டில் ஏறி வடக்கே போய்க்கொண்டே இருந்தால் அதுவே நாற்பத்தெட்டாம் நெடுஞ்சாலை ஆகி, கடைசியில் ஏரியோரமாகக் கிழக்கே திரும்பிவிடும். மார்க்கம் தாண்டும்வரை வேலை முடிந்து போகிறவர்களின் நெரிசல், நாற்பது நிமிடம் அதிலேயே போனது. அதற்குப் பிறகு வயல்வெளி. இரண்டு பக்கமும் அழுக்குப் பனி. நான் முன்சீற்றில் இருந்தபடி பத்து நிமிடத்துக்கு ஒருமுறை திரும்பி, பின்னால் மகன் மூச்சு விடுகிறானா என்று பார்த்தேன்.

"அவன் தூங்குறான் புள்ள. நீயும் கொஞ்சம் தூங்கு," என்றார் நிஸாம்.

ஆறு முப்பத்தைந்துக்குப் பீவர்ட்டன் துறைமுகப் பூங்கா. கார் தரிப்பிடம் இலவசம். கழிப்பறை மே மாதம்வரை பூட்டு (இதைப் பிள்ளைகாரர்கள் குறித்துக்கொள்ளுங்கள், நான் தெரியாமல் போய்ப் பட்டேன்). சிம்கோ ஏரி பாதி உறைந்தும் பாதி உடைந்தும் கிடந்தது. அங்கிருந்து மேற்கே பார்த்தால் வானத்துக்கும் தண்ணீருக்கும் நடுவில் எதுவும் இல்லை. மேகம் மட்டும் இருந்தது, நிறைய.

எங்களைத் தவிர ஒரு சாம்பல் நிற வான் வண்டி நின்றது. அதில் தொப்பி போட்ட இரண்டு ஆண்களும் ஒரு குடும்பமும். தூரத்திலேயே ஸலாம் சொல்லிக்கொண்டோம். ஏரிக்குள் நீளும் பாலத்தின் நுனியில் தூண்டிலோடு ஓர் ஆள். நாங்கள் தமிழில் கதைத்தது காதில் விழுந்ததும் அவரே பேச்சுக் கொடுத்தார்.

"தங்கச்சி, இந்தக் குளிருக்கை கைக்குழந்தையோடை என்ன விசயம்?"

"பிறை பாக்க வந்த, அண்ணே. கண்டா நாளைக்குப் பெருநாள்."

"காணாட்டி?"

"நாளண்டைக்கு."

"ஒஷாவாவிலை நாங்கள் கலண்டரைப் பாத்து லீவு எடுக்கிறம். நீங்கள் வானத்தைப் பாத்து எடுக்கிறியள். துணிஞ்ச சனம்தான்." சிரித்துவிட்டுத் தூண்டிலைப் பார்க்கத் திரும்பினார்.

ஏழு இருபத்தேழுக்குச் சூரியன் மறைந்தது. நோன்பு திறக்கப் பேரீச்சம்பழம், பிளாஸ்கில் கஞ்சி, ஆளுக்கு இரண்டு சம்சா. நிஸாம் கஞ்சிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே பதினைந்து நிமிடம் மேற்கை விட்டுக் கண் எடுக்கவில்லை. மேகம் அசையவில்லை. ஏழு நாற்பத்திரண்டுக்கு வான்காரர்கள் கை அசைத்துவிட்டுக் கிளம்பினார்கள். நிஸாமும் பெருமூச்சு விட்டார்.

"மஃரிப் தொழுகை நேரம் போயிரும். புள்ளயப் புடி, நான் தொழுதுட்டு வாறன். பொறகு நீ தொழு."

சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் இதுதான் வழக்கம். ஒருவர் தொழ, ஒருவர் பிள்ளை பார்க்க, மாறி மாறி. மூத்தவள் அய்மாவுக்கு ஆறு வயது, காரிலேயே உறங்கிப்போயிருந்தாள். கார் பத்தடி தூரத்தில், என் கண் முன்னால். நிஸாம் புல்லில் பாய் விரித்துத் தக்பீர் கட்டித் தொழத் தொடங்கினார். தொழும்போது பார்க்க வேண்டிய கிப்லா இங்கே வடகிழக்கு. பிறை வரவேண்டிய பக்கம் மேற்கு. அதாவது அவர் முதுகு முழுக்கப் பிறையின் பக்கம்.

ஏழு நாற்பத்தொன்பது. கைபேசியில் பார்த்தேன், அதனால் தெரியும். மேகத்தின் அடியில் ஒரு கிழிசல் விழுந்தது. அதற்குள், சூரியன் இறங்கின இடத்துக்கு மேலே சற்று இடப்பக்கமாக, தையல் நூல் தடிப்பில் ஒரு வெள்ளைக் கோடு. வள்ளம் போல மல்லாந்து, இரண்டு முனையும் மேலே. விமானம் போட்ட கோடு அல்ல, அது நகரவில்லை. வெள்ளியும் அல்ல, அது புள்ளி. கண்ணை மூடித் திறந்து இரண்டாம் முறையும் பார்த்தேன்.

"மகள்ர வாப்பா! பிறை! பிறை!"

நிஸாம் நெற்றி பாயில் பட ஸுஜூதில் இருந்தார். தொழுகையை உடைத்துக்கொண்டு எழும்புகிற ஆள் அல்ல அவர். நானும் அப்படிப்பட்டவரை விரும்பித்தான் கட்டினேன். கூப்பிட்டுக்கொண்டே நின்றேன், மகன் அழத் தொடங்கினான். பாலத்து அண்ணை தூண்டிலைக் கீழே போட்டுவிட்டுக் கையை நீட்டினார்.

"ஓம் தங்கச்சி, உங்கை தெரியுது! பிறைதான்! நல்ல மெல்லிசு!"

இரண்டு நிமிடமும் இருந்திருக்காது. நிஸாம் ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்துத் திரும்பும்போது கிழிசல் மூடிவிட்டது.

"எங்க?"

"அந்தா, அந்த மேகத்துக்குப் பின்னால."

"மேகத்துக்குப் பின்னால எல்லாருக்கும்தான் பிறை இரிக்கி," என்றார்.

எட்டேகால்வரை நின்று பார்த்தோம். ஒன்றும் இல்லை. பிறகு நிஸாம் காருக்குள் ஏறி எங்கள் பள்ளி மௌலவிக்கு அழைத்தார், ஒலியைப் பெரிதாக்கி எனக்கும் கேட்கும்படி. மௌலவி கேட்டவை எல்லாம் சரியான கேள்விகள். எந்தத் திசை, எவ்வளவு உயரம், முனை எந்தப் பக்கம், எத்தனை நிமிடம். பட்டப்படிப்பு முடிந்து வேலைக்குப் போன நேர்முகத்தேர்வில்கூட நான் அவ்வளவு தெளிவாகப் பதில் சொன்னதில்லை.

"மாஷா அல்லாஹ். நிஸாம் தம்பி, நீங்க கண்டீங்களா?"

"நான் தொழுதுட்டு நிண்ட, ஹஸரத்."

"வேற ஆராச்சும்?"

"ஒருத்தர் கண்டாரு," என்றேன் நான். "மீன் புடிக்க வந்தவரு."

"முஸ்லிமா, தங்கச்சி?"

"இல்ல."

மௌலவி மெதுவாகச் சொன்னார். "தங்கச்சி, ஒங்கட கண்ணப் பிழை செல்லல்ல. நம்மட மத்ஹபுச் சட்டத்துல பெருநாள் பிறைக்கு நீதமான ரெண்டு ஆம்புளச் சாட்சி வேணும். நீங்க கண்டது உறுதியெண்டா ஒங்களுக்கு நாளைக்கு நோம்பு புடிக்கேலாது. ஆனா மறைவாத் திங்கணும், சனம் தப்பா நினைக்கப் படாது. நிஸாம் தம்பி, மனைவி செல்றத மனசார நம்பினா நீங்களும் அப்பிடிச் செய்யலாம். அது ஒங்கட மனசோட இரிக்கி."

நிஸாம் "சரி ஹஸரத்" என்றார். எதற்குச் சரி என்று சொல்லவில்லை.

கிளம்பும்போது அண்ணை கண்ணாடியில் தட்டினார். விசயத்தைச் சொன்னேன்.

"அப்ப நான் ஆம்பிளை, ஆனா சரிவராது. நீங்கள் முஸ்லிம், ஆனா சரிவராது. ரெண்டு பேரையும் கூட்டினாலும் ஒண்டு வராதோ?" என்றார். "நான் இஞ்சை வந்தபோது என்ட அகதிக் கேசுக்கு ஒரு சாட்சியும் இல்லை, தங்கச்சி. விசாரிச்ச மனுசி என்னை முகத்தைப் பாத்து நம்பினது." நிஸாம் அவருக்கு நன்றி சொல்லிக் கண்ணாடியை ஏற்றினார்.

ஒன்பது நாற்பதுக்கு வழியில் தேநீர் குடிக்க நிறுத்தினபோது பள்ளியின் வட்ஸ்அப் செய்தி வந்தது. "பிறை தென்படவில்லை. நோன்பு முப்பதாகப் பூர்த்தி செய்யப்படும்." யாருக்குத் தென்படவில்லை என்று எழுதவில்லை. சட்டத்தோடு எனக்குச் சண்டை இல்லை. சரி, கொஞ்சம் இருக்கிறது, அது வேறு பதிவு. ஆனால் சட்டம் எனக்கு ஒரு வாசலைத் திறந்துதான் வைத்திருந்தது. என்னை நம்பி என்னோடு அந்த வாசலுக்குள் வரக்கூடியவர் நிஸாம் ஒருவர்தான்.

இன்று விடியப்புறம் ஐந்தேகாலுக்கு அவருடைய மணி அடித்தது. நான் விழித்துத்தான் கிடந்தேன்.

"சாப்பாட்டச் சூடாக்கித் தா புள்ள. நேரம் போகுது."

"நீங்க நோம்பு புடிக்கப் போறீங்களா?"

"ஊரே புடிக்கிது."

"ஊரக் கேக்கல்ல. ஒங்களக் கேக்கன்."

அவர் ரொட்டியைப் பிய்த்துக் கறியில் தோய்த்துச் சாப்பிட்டார். தண்ணீர் குடித்தார். நோன்புக்கு நிய்யத் வைத்தார். ஏழு வருடக் கலியாணத்தில் எனக்குக் கிடைத்த மிக நேரான பதில் அது. என்னைப் பொய்க்காரி என்று அவர் சொல்லவே இல்லை. சொல்லியிருந்தால் திருப்பி ஏதாவது சொல்லியிருப்பேன்.

பெருநாளுக்கென்று அவித்து வைத்த வட்டிலப்பத்தில் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு, காலை பத்து மணிக்கு, உடுப்புத் துவைக்கிற மெஷின் இருக்கிற அறையில் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிட்டேன். இந்த வருடத்துப் பெருநாள் எனக்கு அங்கேதான் நடந்தது. கதவைத் திறந்துகொண்டு அய்மா வந்து நின்றாள்.

"உம்மா! யூ ப்ரோக் யுவர் ஃபாஸ்ட்!"

"இல்ல மகள். உம்மாக்கு இண்டைக்குப் பெருநாள்."

யோசித்தாள். "தென் கேன் ஐ வேர் மை நியூ ட்ரெஸ்?"

"நாளைக்கு."

"பட் யூ செட் டுடே."

பதில் இருந்தால் எனக்கும் யாராவது சொல்லுங்கள். வட்டிலப்பத்தில் பாதியைக் கொடுத்து, வாப்பாவிடம் சொல்லாதே என்றேன். அதுவும் மனசுக்கு ஒத்துவராத காரியம்தான்.

இனிப் போகிறவர்களுக்கு. பெற்றோல் இருபத்திரண்டு டொலர் நாற்பது சதம், திரும்பும் வழியில் இரண்டு தேநீரும் ஒரு மபினும் ஒன்பது டொலர் பதினைந்து சதம், வேறு செலவு இல்லை. சூரியன் மறைந்து பதினைந்து நிமிடத்திலிருந்து நாற்பது நிமிடம்வரைதான் பார்க்கத் தோதான நேரம், அதற்குள் பொறுமை இழந்து கிளம்பாதீர்கள். மறைந்த இடத்துக்கு நேர் மேலேயும் சற்று இடப்பக்கமும் பாருங்கள். பிள்ளைகளுக்கு இரண்டு சோடி காலுறை வையுங்கள், ஏரிக் காற்று நகரத்துக் காற்றுப் போல் இல்லை. கைக்குழந்தைக்குப் பம்பர்ஸ் மாற்றக் கார்தான் இடம். கைபேசியை நிமிர்த்திப் படம் எடுக்கப் பழகிக்கொள்ளுங்கள். நான் நேரம் பார்த்தேனே தவிர, படம் எடுக்கத் தோன்றவில்லை. இப்போது அதை நினைத்து நினைத்துத்தான் உறக்கம் வரவில்லை. முக்கியமாக, இரண்டு ஆண்களைக் கூட்டிக்கொண்டு போங்கள். அவர்களையும் ஒரே நேரத்தில் தொழ விடாதீர்கள்.

இனி நான் இந்நேரத்தில் எழுதுகிற காரணம். அந்தச் சாம்பல் நிற வானில் வந்தவர்களே, நீங்கள் ஏழு நாற்பத்திரண்டுக்குக் கிளம்பினீர்கள். நாற்பத்தெட்டில் ஏறினால் வண்டி மேற்கே பார்த்துத்தான் ஓடும். ஏழு நாற்பத்தொன்பதுக்கு அந்த வானம் உங்கள் முன்கண்ணாடியில் இருந்திருக்கும். நீங்கள் கண்டிருக்கலாம், கண்டும் யாரிடமும் சொல்லாமல் விட்டிருக்கலாம். நோன்பும் போய்விட்டது, பெருநாளும் நாளைக்கென்று முடிவாகிவிட்டது, இனி எந்தக் குழுவுக்கும் உங்கள் சாட்சி தேவைப்படாது. எனக்குத்தான் தேவை. காணவில்லை என்றால் அதையும் எழுதுங்கள், தாங்கிக்கொள்வேன்.

எங்கள் பள்ளியில் பெருநாள் தொழுகை காலை ஒன்பது மணிக்கு. நிஸாம் எட்டேகாலுக்கு வீட்டிலிருந்து புறப்படுவார். அதற்கு முன்னால் தயவுசெய்து பதில் போடுங்கள்.