ஊரிகம் ரோட்டில் உதறிய ஹேண்டில்

இது நடந்தது. கட்டுக்கதை என்பவர்கள் சாம்ராஜின் வலது கையைப் பார்த்ததில்லை.

வருஷம் 1905. தங்கச் சுரங்கத் துரையின் மோட்டாரை ஓட்டியவன் சாம்ராஜ். ஒரே சிலிண்டர், ஆறு குதிரைச் சக்தி. மேடேறினால் தண்ணீர் கொதிக்கும். எஞ்சினுக்குப் பொறி தரும் பிளக்கில் கரி பிடித்தால் நின்றுவிடும். எல்லாவற்றையும்விடப் பொல்லாதது அதைக் கிளப்புவதுதான். சீட்டருகே இருக்கும் லீவரைக் கீழே இறக்கிவிட்டுத்தான் முன்னால் ஹேண்டிலைச் சுற்ற வேண்டும். மேலே இருந்தால் எஞ்சின் நேரத்துக்கு முன்பே பொறி பற்றிச் சுட்டு, ஹேண்டில் திருப்பி உதறும்.

ஹேண்டில் சுற்றுகிறவன் காத்தவராயன். அவனுக்கும் ஓட்டக் கற்றுக்கொடு என்று துரை சொன்ன மறுநாள், சீட்டில் இருந்தபடியே சாம்ராஜ் லீவரை மெல்ல மேலே தள்ளினான். பொறாமை, வேறென்ன. ஹேண்டில் காத்தவராயனின் நெற்றிப்பொட்டில் அடித்தது. அங்கேயே செத்தான்.

"ஹேண்டில்மேல கட்டைவிரலைச் சுத்திப் புட்ச்சிட்டான் தொரை, கை வுட முடில. அவன் தப்பு."

சாம்ராஜின் அந்த ஒரு பொய்யில் காத்தவராயன் மனைவி பாப்பம்மா, கம்பெனி கொடுத்த லைன் வீட்டை இழந்தாள். கைக்குழந்தையோடு தெருவில் நின்றாள். வயிறு எரியாதா?

காத்தவராயன் செத்த பதினாறாம் நாள். பகல் 12:05. துரையை அழைத்துவர ஊரிகம் ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் எஞ்சின் நின்றது. ரயில் 12:20க்கு.

சாம்ராஜ் பிளக்கைக் கழற்றினான். ஒரே கரி. துடைத்துக்கொண்டிருந்தான்...

டக்.

லீவர் மேலே போயிருந்தது. இறக்கினான்.

டக்... மறுபடி மேலே.

காற்றில்லை. ரோட்டில் ஆளில்லை. லீவரை இறக்கி, துண்டால் இறுக்கிக் கட்டினான். முன்னால் ஓடி ஹேண்டிலைப் பிடித்தான்.

சீட்டு ஸ்பிரிங் முனகியது. யாரோ ஏறி உட்கார்ந்ததுபோல்...

துண்டு அவிழ்ந்து விழுந்தது.

டக்.

கண் விழித்தபோது ஆஸ்பத்திரி. வலது கை நொறுங்கிப் போயிருந்தது. பக்கத்தில் மோட்டாரை ரிப்பேர் பார்க்கும் பிட்டர் ஹரோல்ட்.

"இன்னா சாம்ராஜ், கட்டைவிரலைச் சுத்திப் புட்ச்சியா? உன் தப்புதான்னு தொரை சொல்ட்டாரு. ஊட்டைக் காலி பண்ணணுமாம்."

"இல்ல ஹரோல்டு... எஞ்சின் சுட்டுச்சு. திருப்பி உதறிச்சு!"

ஹரோல்ட் எழுந்தான். சாம்ராஜின் ரத்தச் சட்டையை எடுத்து, அதன் பைக்குள் கைவிட்டான்.

"பிளக்கு இங்க கீது சாம்ராஜ். இது இல்லாம எஞ்சின் எப்டிச் சுடும்?"